வீட்டுப் பெரியவர்களின் மாத்திரையும் கிட்னி என்னும் ஃபில்டரும்

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், ஜோக்ஸ் இருக்கும், இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது என்று ஒரு கட்டுரை இருக்கும். நடுவில் கிட்னி பற்றி ஒருத்தன் எழுதியிருக்கிறானே, “மெக்கானிக்கல்காரனுக்கும் கிட்னிக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்று பக்கத்தைத் திருப்பப் பார்க்கிறீர்களா? ஒரு நிமிஷம். சம்பந்தம் இருக்கிறது. அதுவும் இரண்டு விதத்தில் இருக்கிறது.

முதலாவது, கிட்னி என்பது ஃபில்டர், வால்வு, பிரஷர், ஃப்ளோ ரேட் இவை சேர்ந்த ஒரு சமாச்சாரம். டாக்டருக்குப் படிப்பவர்களைவிட நமக்கே அது சீக்கிரம் புரியும் என்றுகூடச் சொல்லலாம். இரண்டாவது, நம்மில் பாதிப் பேர் வீட்டில் மாத்திரை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்த முதல் ஆள் நாம்தான். தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் அந்த எழுத்து தெரியாது. தெரிந்தாலும் கண்ணுக்குப் புலப்படாது. அந்தப் பொடி எழுத்தில் சில சமயம் ஒரு கிட்னியின் ஆயுளே இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம்

கிட்னி ஒன்று ஏறக்குறைய 150 கிராம் எடை. கைமுஷ்டி அளவு. இரண்டும் சேர்ந்து 300 கிராம்தான். ஆனால் இதயம் நிமிஷத்துக்கு அனுப்புகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு லிட்டருக்கும் மேல், இந்த இரண்டு சின்ன உறுப்புக்குள்ளே போய் வருகிறது. அதிலிருந்து நிமிஷத்துக்கு 125 மில்லி அளவுக்கு நீர் வடிகட்டப்படுகிறது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 180 லிட்டர் வரும். வீட்டில் தண்ணீர் பிடிக்கிற 15 லிட்டர் குடத்தில் பன்னிரண்டு குடம்!

அவ்வளவையும் வெளியே விட்டால் மனுஷன் என்ன ஆவான்? அதனால் வடிகட்டியதில் 99 சதவீதத்தை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. மிச்சம் ஒன்றரை லிட்டர்தான் சிறுநீராக வருகிறது. உடம்புக்கு வேண்டாத கழிவு அதில் போகிறது. நாம் சாப்பிடுகிற பல மாத்திரைகளும் வேலை முடிந்ததும் இந்த வழியாகத்தான் வெளியேறுகின்றன.

ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. நெஃப்ரான் என்று பெயர். இவற்றுக்கு ஸ்பேர் கிடையாது. கெட்டுப்போன நெஃப்ரானுக்குப் பதில் புதிது முளைக்காது. இருப்பதை வைத்துத்தான் கடைசி வரை ஓட்ட வேண்டும்.

வயசானால் ஃப்ளோ குறையும்

நாற்பது வயதுக்கு மேல் இந்த வடிகட்டும் வேகம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லி வீதம் குறைந்துகொண்டே வரும். இது எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. சுகர், பிரஷர் இருப்பவர்களுக்கு இன்னும் வேகமாகக் குறையும். சிலருக்குக் குறையாமலும் இருக்கும். பொதுவாகப் பார்த்தால் 75 வயதுப் பெரியவருக்கு நம் ஃபில்டரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், வலிக்காது. பல் போனால் தெரியும், கண் மங்கினால் தெரியும். கிட்னி பாதி போனாலும் ஆள் நடந்துகொண்டுதான் இருப்பார். ரேஷன் கடைக்குப் போவார், பேரனுக்கு டீ போட்டுக் கொடுப்பார்.

ஒரு டேங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாயில் ஒரே அளவு தண்ணீர் விழுகிறது. கீழே அவுட்லெட்டைப் பாதி மூடிவிட்டோம். என்ன ஆகும்? மட்டம் ஏறும். அப்படித்தான் மாத்திரையும். நாற்பது வயதில் சரியாக இருந்த அதே டோஸ், கிட்னி வழியாக வெளியேறும் மருந்தாக இருந்தால், எழுபத்தைந்து வயதில் உடம்பில் தேங்கும். மாத்திரை மாறவில்லை, அவுட்லெட்தான் மாறியிருக்கிறது.

1.2 என்றால் எல்லோருக்கும் நார்மலா?

லேபில் கிரியாட்டினின் என்று ஒரு டெஸ்ட் எடுப்பார்கள். இது தசையிலிருந்து வரும் கழிவு. கிட்னி சரியாக வடிகட்டினால் ரத்தத்தில் இது குறைவாக இருக்கும். பல லேப் ரிப்போர்ட்டில் 1.2 வரை நார்மல் என்று போட்டிருக்கும். 1.2 என்று வந்தால் வீட்டில் எல்லோரும் “நார்மல்தான்” என்று ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுவார்கள்.

இங்கேதான் நம் கணக்குப் பாடம் உதவுகிறது. 1976-ல் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் ஒரு எளிய ஃபார்முலா வெளியிட்டார்கள். மருந்தின் டோஸ் கணக்கிட இன்றைக்கும் அது பயன்படுகிறது. 140-லிருந்து வயதைக் கழியுங்கள். வருவதை எடையால் (கிலோவில்) பெருக்குங்கள். அதை, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். பெண்ணாக இருந்தால் கடைசியில் 0.85-ஆல் பெருக்குங்கள். வருகிற விடை, நிமிஷத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்பதன் தோராயக் கணக்கு.

இப்போது போட்டுப் பார்ப்போம். 20 வயதுப் பையன், எடை 60 கிலோ, கிரியாட்டினின் 1.2.
(140 – 20) × 60 = 7200. அதை 72 × 1.2 = 86.4-ஆல் வகுத்தால் 83.

அடுத்து 75 வயதுப் பாட்டி, எடை 45 கிலோ, கிரியாட்டினின் அதே 1.2.
(140 – 75) × 45 = 2925. 86.4-ஆல் வகுத்தால் 33.9. 0.85-ஆல் பெருக்கினால் 29.

பார்த்தீர்களா? ரிப்போர்ட்டில் இரண்டு பேருக்கும் ஒரே 1.2. ஒருவருக்கு 83, இன்னொருவருக்கு 29! வயசானவர்களுக்குத் தசை குறைவு. அதனால் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு. கிட்னி மந்தமாக இருந்தாலும் எண் பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். எனவே கிரியாட்டினினை வயது, எடையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இப்போது நிறைய லேபில் ‘ஈ.ஜி.எஃப்.ஆர்.’ என்று வேறொரு ஃபார்முலாப்படி கணக்குப் போட்டே கொடுக்கிறார்கள். ரிப்போர்ட்டில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

இரண்டு வால்வும் ஒரு டேங்கும்

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

நெஃப்ரானின் தலைப்பகுதியில் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் பந்தாகச் சுருண்டிருக்கும். அதற்குள் ரத்தம் வர ஒரு குழாய், போக ஒரு குழாய். அதாவது ஒரு இன்லெட் வால்வு, ஒரு அவுட்லெட் வால்வு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பிரஷர்தான் நீரை வடிகட்டித் தள்ளுகிறது. பிரஷர் இல்லையென்றால் ஃபில்டர் நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை. கூலன்ட் பம்ப் ஓடாத சி.என்.சி. மெஷின் மாதிரி.

வாந்தி, பேதி, வெயில், தண்ணீர் குடிக்காமை இப்படி ஏதோ ஒன்றால் உடம்பில் நீர் குறைந்தால் ஃபில்டர் பிரஷரும் விழ வேண்டும் அல்லவா? உடம்பு அதை விடாது. புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து இன்லெட்டை அகலத் திறக்கும். ஆஞ்சியோடென்சின் என்ற பொருளால் அவுட்லெட்டை இறுக்கும். நடுவில் பிரஷர் காப்பாற்றப்படும். ஆட்டோமேட்டிக் கன்ட்ரோல் சிஸ்டம்!

இப்போது மூன்று வகை மாத்திரையைப் பாருங்கள்.

முதல் வகை, வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், மெஃபனமிக் அமிலம், எட்டோரிகாக்சிப் எல்லாம் இந்தக் கூட்டம். இவை புரோஸ்டகிளாண்டினைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. கிட்னியிலும் அதையே தடுக்கும். ஆக, இன்லெட் திறக்காது.

இரண்டாம் வகை, பிரஷர் மாத்திரையில் ஒரு பிரிவு. எனலாபிரில், ராமிபிரில், லோசார்டான், டெல்மிசார்டான் முதலியவை. இவை ஆஞ்சியோடென்சினைத் தடுத்து அவுட்லெட்டைத் தளர்த்தும். தப்பாக நினைக்காதீர்கள், இவை நல்ல மருந்துகள். சாதாரண நாளில் ஃபில்டர் மேல் உள்ள அழுத்தத்தைக் குறைத்து, முக்கியமாக சுகர்காரர்களின் கிட்னியைக் காப்பதே இவைதான்.

மூன்றாம் வகை, நீர் மாத்திரை. ஃப்ரூசெமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை. கால் வீக்கத்துக்கும் பிரஷருக்கும் கொடுப்பார்கள். உடம்பு நீரைச் சிறுநீராக வெளியேற்றி டேங்க் மட்டத்தை இறக்கும்.

மூன்றும் ஒரே ஆள் வயிற்றில் சேர்ந்தால்? டேங்கில் மட்டம் குறைவு, இன்லெட் திறக்கவில்லை, அவுட்லெட் தளர்ந்துவிட்டது. நடுவில் பிரஷர் எங்கிருந்து வரும்? ஃபில்டர் நின்றுபோகும். சில நாளில் கிரியாட்டினின் ஏறிவிடும்.

இது சும்மா தியரி இல்லை. பிரிட்டனில் பிரஷர் மாத்திரை சாப்பிடும் 4,87,372 பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2013-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. இந்த மூன்றையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு, வலி மாத்திரை மட்டும் சேராதவர்களைவிடத் திடீர் கிட்னி பாதிப்பு 31 சதவீதம் அதிகம். அதிலும் முதல் 30 நாளில் 82 சதவீதம் அதிகம். ஆகவே “ஒரு வாரம்தானே சாப்பிடுறோம்” என்பது சமாதானம் ஆகாது. ஆபத்து முன்னாலேயே இருக்கிறது.

இன்னொரு விஷயம் சொல்கிறேன். பெரியவர்கள் “பிரஷருக்கு ஒரே ஒரு மாத்திரைதான் போடுறேன்” என்பார்கள். அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்கும் கம்பெனி அட்டைகள் ஏராளம். மூன்றில் இரண்டு அப்போதே உள்ளே போய்விட்டது. மூட்டு வலி என்று ஒரு மாத்திரை சேர்ந்தால் கணக்கு முடிந்தது.

எங்கள் ஆயாவுக்கு நடந்தது

எங்கள் ஊர்ப் பக்கம் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை எல்லாம் நெசவு ஊர்கள். குழித்தறியில் காலை விட்டு மிதித்து மிதித்தே வயசானவர்கள் நிறைய. தறியில் உட்காராத பெண்களும் நூல் சுற்றி, பாவு பிடித்து முழங்கால் தேய்ந்தவர்கள். எங்கள் ஆயாவும் அப்படித்தான். 73 வயது. பிரஷருக்கு மேலே சொன்ன இரண்டும் சேர்ந்த மாத்திரை பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

போன வருஷம் சித்திரை வெயிலில் முழங்கால் வலி அதிகமானது. தெரு முனை மெடிக்கலில் “உடம்பு வலிக்கு ஒரு செட் குடுப்பா” என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறது ஆயா. பேப்பரில் மடித்துக் கொடுத்த மாத்திரை. பெயர் கிடையாது, அட்டை கிடையாது. வலி விட்டது. அதனால் மறுபடி வாங்கியது. பத்து நாள் ஆகியிருக்கும். நடுவில் ஒரு கல்யாணச் சாப்பாடு, இரண்டு நாள் பேதி. பேதி என்றதும் “தண்ணி குடிச்சா இன்னும் போகும்” என்று தண்ணீரையும் குறைத்துவிட்டது.

நாலாம் நாள் சாப்பாடு வேண்டாம் என்றது. வாந்தி. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கியது. “வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் கண்ணு, தூங்கினா சரியாப்பூடும்” என்று என்னிடமே சொன்னது. அம்மாதான், “ராத்திரியிலிருந்து ஒன்னுக்கே போகல” என்பதைக் கவனித்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிரியாட்டினின் 3.4. ஆறு மாதம் முன்னால் எடுத்த ரிப்போர்ட்டில் 1.1 இருந்தது.

டாக்டர் அம்மா முதலில் கேட்ட கேள்வி, “என்னென்ன மாத்திரை சாப்பிட்டாங்க? எல்லா அட்டையையும் கொண்டு வாங்க.” பிரஷர் அட்டை இருந்தது. பேப்பரில் மடித்த மாத்திரைக்கு என்ன அட்டையைக் காட்டுவது? மிச்சம் இருந்த இரண்டு மாத்திரையை எடுத்துப்போய்க் காட்டினோம். அதன் மேல் அச்சும் சரியாக இல்லை. இருந்தாலும் அவர் யூகித்துவிட்டார். சலைன் ஏற்றி, மாத்திரைகளை நிறுத்தி, எட்டு நாள் வைத்திருந்தார்கள். டயாலிசிஸ் வரைக்கும் போகவில்லை. 1.5-ல் வந்து நின்றது. பழைய 1.1 திரும்ப வரவில்லை.

அந்த எட்டு நாளும் அப்பாவுக்குச் சம்பளம் போனது. ஆயா பிழைத்தது பெரிது, பணம் போனால் போகிறது. ஆனால் அந்த எண் 1.5-ல் நின்றுவிட்டதே, அதுதான் என்னை இதையெல்லாம் படிக்க வைத்தது.

ஒரு ஃபேக்டரி ஊரின் கதை

வலி மாத்திரையால் கிட்னி போவது புதுசும் இல்லை, நம் ஊருக்கு மட்டும் வந்ததும் இல்லை. ஸ்வீடனில் ஹூஸ்க்வார்னா என்று ஒரு தொழிற்சாலை ஊர். துப்பாக்கி, தையல் மெஷின், மோட்டார் சைக்கிள் செய்த ஊர். 1918-ல் உலகமெல்லாம் விஷக் காய்ச்சல் பரவியபோது அங்கே ஹ்யோர்டன் என்ற டாக்டர் தொழிலாளிகளுக்கு ஒரு பொடி கொடுத்தார். ஃபீனாசெட்டின், ஃபீனாசோன், காஃபீன் மூன்றும் கலந்த பொடி. காய்ச்சல் போய்விட்டது, பொடி போகவில்லை. உடம்பு வலிக்கும் அலுப்புக்கும் வேலை நேரத்துச் சுறுசுறுப்புக்கும் என்று வருஷக்கணக்கில் தினமும் சாப்பிடப் பழகிவிட்டார்கள். பின்னாளில் அந்த ஊரில் கிட்னி செயலிழந்து இறப்பவர்கள் அதிகம் என்று தெரிந்து, கிரிம்லுண்ட் என்ற டாக்டர் ஆராய்ந்து 1963-ல் வெளியிட்டார். ஸ்விட்சர்லாந்திலும் 1950-களில் இதே மருந்தால் இதே பாதிப்பைக் கண்டார்கள். அமெரிக்கா 1983-ல் ஃபீனாசெட்டினை விலக்கியது.

நம் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கம்பெனிகள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை, நைட் ஷிப்ட், முதுகு வலி. “ஒரு மாத்திரை போட்டா ஷிப்டு ஓடிடும்” என்ற பேச்சு நமக்குப் புதுசா? நாம் இன்று பழகுகிற பழக்கம் நம் அறுபது வயதுக் கிட்னியின் கணக்கில் எழுதப்படுகிறது. இது பெரியவர்களின் விஷயம் என்றாலும், பெரியவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் ஷிப்டு பார்த்தவர்கள்தானே!

வேறு சில மாத்திரைகள்

வலி மாத்திரை மட்டும்தான் கவனிக்க வேண்டியது என்று நினைக்க வேண்டாம்.

மெட்ஃபார்மின்: சுகருக்கு நல்ல மருந்து. கிட்னி வழியாகவே வெளியேறும். வடிகட்டும் வேகம் 45-க்குக் கீழே வந்தால் டாக்டர் டோஸை மறுபடி பார்க்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் தரக்கூடாது என்பது விதி.

கிளிபென்கிளமைடு: இதுவும் சுகர் மாத்திரை. கிட்னி மந்தமான பெரியவர்களுக்கு இது உடம்பில் தேங்கி, சர்க்கரையை ரொம்ப நேரத்துக்குத் தாழ்த்திவிடும். வியர்வை, நடுக்கம், உளறல், மயக்கம் வரும். “அசந்து தூங்குறாங்க” என்று விட்டுவிடுவது ஆபத்து. வயசானவர்களுக்குக் கவனமாகத் தர வேண்டிய மருந்துகளை மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1991-ல் பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலை அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023-ல் புதுப்பித்தது. இந்த மாத்திரையின் பெயர் அதில் இருக்கிறது.

பொட்டாசியம்: டெல்மிசார்டான், எனலாபிரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும். கிட்னியும் மந்தமாக இருந்தால் இன்னும் ஏறும். அதிகம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். உப்பைக் குறைக்கிறோம் என்று கடையில் வாங்கும் ‘லோ சோடியம்’ உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். நமக்கு இளநீர் அமிர்தம். கிட்னி நோய் உள்ள பெரியவருக்குக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

நாட்டு மருந்து, லேகியம், பஸ்பம் எது சாப்பிட்டாலும் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். “இங்கிலீஷ் மருந்தைத்தானே கேட்டாரு” என்று மறைக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒரு நோட்டில் அல்லது அட்டையில் வீட்டுப் பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரையின் பெயரையும் எழுதுங்கள். கம்பெனி வைத்த பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், மருந்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். சின்ன எழுத்தைத்தான் எழுத வேண்டும். இரண்டு டாக்டர் எழுதிய இரண்டு வேறு பெயர் மாத்திரை, உள்ளே ஒரே மருந்தாக இருப்பது அப்போதுதான் தெரியும்.

2. அதே நோட்டில் வயது, எடை, கடைசியாக எடுத்த கிரியாட்டினின், தேதி நான்கையும் எழுதுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள்.

3. அட்டை இல்லாத மாத்திரையை வாங்கவே வேண்டாம். டைக்ளோஃபினாக் முதலான வலி மாத்திரைகள் ‘ஷெட்யூல் ஹெச்’ பட்டியலில் உள்ளவை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே எச்சரிக்கை இருக்கும்.

4. மூட்டு வலிக்கு என்ன செய்வது? வலியைப் பொறுத்துக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. அளவோடு பாராசிட்டமால், மேலே தடவும் மருந்து, வெந்நீர் ஒத்தடம், பிசியோதெரபி என்று வழிகள் உள்ளன. எது பொருந்தும் என்று டாக்டரைக் கேளுங்கள். ஆனால் பாராசிட்டமால் என்று சொல்லி வாங்கும் அட்டையில் ‘அசிக்ளோஃபினாக் பிளஸ் பாராசிட்டமால்’ என்று இருக்கலாம். படித்துப் பாருங்கள்.

5. வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத நாளில் பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, மெட்ஃபார்மின் இவற்றில் எதை நிறுத்தி வைக்க வேண்டும், எப்போது திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்று நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாமாக நிறுத்தவும் கூடாது, நாமாக ஓட்டவும் கூடாது.

6. வயசானால் தாகம் தெரிவது குறையும். பஸ்ஸில் போகும்போது பாத்ரூம் இருக்காது என்று பெண்கள் தண்ணீரே குடிக்காமல் கிளம்புவார்கள். வெயில் காலத்தில் நாம்தான் டம்ளரைக் கையில் கொடுக்க வேண்டும். இதய நோய், கிட்னி நோய் உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவு.

7. சிறுநீர் குறைவது, கால் முகம் வீங்குவது, ஓயாத குமட்டல், மூச்சு வாங்குவது, காரணமில்லாத தூக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் “வயசாயிடுச்சு” என்று ஒதுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெரிய செலவா?

இல்லை. சென்னையைச் சேர்ந்த சிறுநீரக நிபுணர் டாக்டர் எம்.கே. மணி இதை நிரூபித்துக் காட்டியவர். 1991-ல் பத்மபூஷண் பெற்றவர். அவர் முன்னின்ற கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், 1990-களின் பிற்பகுதியில் சென்னையை அடுத்த கிராமங்களில் சுமார் 25,000 பேருக்கு ஒரு திட்டம் நடத்தியது. உள்ளூர் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். பிரஷர் பார்ப்பது, சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டுப் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது, பெனடிக்ட் கரைசலில் சர்க்கரை பார்ப்பது, இவ்வளவுதான் டெஸ்ட். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் செய்கிற வேலை! நோய் இருந்தால் விலை மலிவான பழைய மருந்துகள். ஆளுக்கு ஆண்டுச் செலவு அரை அமெரிக்க டாலருக்கும் குறைவு. ஒருவர் டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று தடவை போய் வரும் செலவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்று அரசு வழியிலும் வாய்ப்பு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2023-ல் ‘சிறுநீரகம் காப்போம்’ திட்டம் வந்தது. அதன் மூலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர் பரிசோதனை செய்கிறார்கள். மாத்திரை கொடுக்க வரும் அக்காவிடம், “கிரியாட்டினின் எப்ப எடுக்கணும்கா?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். நாளை நாம் வேலைக்குப் போய் இ.எஸ்.ஐ. கார்டு வந்தால், நம்மை நம்பியிருக்கும் அப்பா அம்மாவையும் அதில் சேர்க்க வழி உண்டு. சேரும்போதே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.

நண்பர்களே! மெஷின் ஷாப்பில் ஒரு ஆயில் ஃபில்டரை மாட்டும் முன் அதன் மேல் எழுதியிருக்கும் ரேட்டிங்கைப் படிக்காமல் மாட்ட மாட்டோம். வெர்னியரில் ஒரு கோடு தள்ளிப் படித்தாலே சார் திட்டுவார். அந்தக் கண்ணை வீட்டு மாத்திரை டப்பாவின் மேலும் ஒரு தடவை ஓட்டுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள் கையோடு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிப் போங்கள். அரை மணி நேர வேலைதான்.